98 வாங்கிய பிள்ளையின் பயம்

(கோட்டூர்புரத்தில் நடந்த பெற்றோர் கூட்டம் ஒன்றில் பள்ளி மனநல ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்காகக் கவலைப்பட வீட்டில் ஆள் உண்டு, பள்ளியிலும் உண்டு. யாருமே கவலைப்படாத ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன். வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் இருக்கும் பிள்ளை. சொன்ன வேலையைச் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே முடித்துவிடும் பிள்ளை. பேரன்ட்ஸ் மீட்டிங்கில் வகுப்பாசிரியர், “இவளைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்லைங்க, இப்படியே போகட்டும்” என்று அரை நிமிடத்தில் அனுப்பிவைக்கும் பிள்ளை. நீங்களும் நிம்மதியாக அடுத்த வரிசையில் போய் நிற்பீர்கள். அந்தப் பிள்ளை இரவு 2 மணிக்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். பல பிள்ளைகளிடம் பார்த்ததை ஒருத்தியாகச் சேர்த்துச் சொல்கிறேன், அதனால் யார் வீட்டுப் பெண் என்று தேட வேண்டாம். பிளஸ் ஒன் படிக்கிறாள். உயிரியல் ரெக்கார்டு நோட்டு எழுதுகிறாள். ஒரு பக்கம் வெள்ளைத் தாளில் பென்சில் படம், எதிர்ப்பக்கம் கோடு போட்ட தாளில் எழுத்து. பக்கம் முடிய இரண்டு வரி இருக்கும்போது ஓர் எழுத்து பிசகிவிடுகிறது. ஒயிட்னர் போட்டால் தெரியும். அடித்து எழுதினால் இன்னும் தெரியும். தாளைக் கிழித்தால், தையலுக்கு மறுபுறம் இருக்கும் தாளும் கழன்று வந்துவிடும். அப்பாவை அனுப்பிப் புது நோட்டு வாங்கிவரச் சொல்கிறாள். முதல் பக்கத்திலிருந்து திரும்ப எழுதுகிறாள். அழுதுகொண்டே எழுதுகிறாள், கண்ணீர் தாளில் விழுந்துவிடக் கூடாது என்று தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு எழுதுகிறாள். மறுநாள் மிஸ் அந்த நோட்டை வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டுகிறார். “ரெக்கார்டுன்னா இப்படி இருக்கணும்.”

அந்த மிஸ்ஸைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் பார்த்தது அழகான ஒரு நோட்டு, அதைப் பாராட்டினார். ஆனால் அந்தப் பெண் அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாள் என்று பாருங்கள். நேற்று ராத்திரி பட்ட பாடு வீண் போகவில்லை, அப்படிப் பட்டால்தான் இப்படிக் கிடைக்கும் என்று கற்றுக்கொண்டாள். பயந்ததால்தான் நன்றாக வந்தது என்று அவள் மனத்தில் ஒரு கணக்கு உட்கார்ந்துவிட்டது. அடுத்த முறை பயம் வராவிட்டால், பயம் வரவில்லையே என்று பயப்படுவாள்.

இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். பயம்தான் மார்க் வாங்கித் தருகிறது என்று இந்தப் பிள்ளைகள் நம்புகிறார்கள். நாமும் அப்படித்தான் நம்புகிறோம். என் அறையில் உட்கார்ந்து, பிள்ளை படும் பாட்டைச் சொல்லிக் கண் கலங்கிய அம்மாக்கள் எழுந்து போகும்போது வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: “எல்லாம் சரிங்க மேடம். ஆனா இந்தப் பயம் போயிட்டா படிப்பும் போயிடாதா?” மனதில் இருப்பதை மறைக்காமல் கேட்கும் கேள்வி அது. அதற்குப் பதில் சொல்லாமல் “பிள்ளையை ஃப்ரீயா விடுங்க” என்று சொல்வதில் பயனில்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. அந்தப் பெண் படித்தாள், அவளுக்குத் திறமை இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. பழம் விழுந்தது அதனால். பயம் அதே மரத்தில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். உட்கார்ந்திருந்தது மட்டுமில்லை, கெடுதலும் செய்துகொண்டிருந்தது. தேர்வு அறையில் கணக்குப் போடும் மூளையின் ஒரு பங்கு, “தப்பாப் போயிடுமோ, நேரம் போகுதே, அவ அடிஷனல் ஷீட் வாங்கிட்டாளே” என்று தன்னையே கண்காணிப்பதில் போய்விடுகிறது. ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்திக்கொள்ளக்கூடிய விஷயங்கள் எல்லோருக்கும் மிகக் குறைவு. அதில் பாதியைப் பயம் பிடித்துக்கொண்டால், வீட்டில் பத்து முறை போட்ட கணக்கு அறையில் மறந்துபோகிறது. வெளியே வந்ததும் ஞாபகம் வருகிறது.

நம் கண்ணுக்குச் சோம்பல் மாதிரித் தெரியும் ஒன்றும் இதிலிருந்து வருவதுதான். நாளைக்குப் பிராஜெக்ட் கொடுக்க வேண்டும், பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். நமக்குக் கோபம் வருகிறது. பல நேரம் அவள் தொடங்காததற்குக் காரணம், தொடங்கினால் அது மனத்தில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும் என்பதே. பாட்டு வகுப்பைத் திடீரென்று நிறுத்திவிட்டு “இன்ட்ரஸ்ட் இல்லம்மா” என்று சொல்லும் பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கிறேன். ஆர்வம் போய்விடவில்லை. போட்டியில் ஆறுதல் பரிசு கிடைத்த அன்றைக்கு அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இந்த மண்ணில் பிறந்த ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். அவனைப் பற்றி எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுகளில் இருப்பதைத்தான் சொல்கிறேன். கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்தவன். சின்ன வகுப்பில் ஒரு கணிதத் தேர்வில் 45-க்கு 42 வாங்கினான். நண்பன் 43 வாங்கிவிட்டான். ஒரே ஒரு மார்க். அந்த நண்பனோடு பேசவே மறுத்துவிட்டான். பிறகு முக்கோணவியலில் தானாகவே சில தொடர்புகளைக் கண்டுபிடித்தான். அவற்றை ஆய்லர் என்ற ஐரோப்பியர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார் என்று தெரியவந்ததும் வெட்கம் தாங்காமல் அந்தத் தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்துவைத்தான். பள்ளிக்கூடப் பையன் ஒருவன், உலகத்தின் மிகப் பெரிய கணித மேதை ஒருவர் போய்ச்சேர்ந்த இடத்துக்குத் தன் வழியில் போய்ச்சேர்ந்திருக்கிறான். அதைக் கொண்டாட அவனுக்குத் தோன்றவில்லை. ஒளிக்கத்தான் தோன்றியது.

ஸ்ரீநிவாச ராமானுஜனைத்தான் சொல்கிறேன். 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகை போயிற்று. அம்மா கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரிடமே போய் வாதாடிப் பார்த்தார், பலிக்கவில்லை. 1905-ல், பதினேழு வயதில், வீட்டில் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். காணாமற்போன பையன் என்று தி ஹிந்து நாளிதழில் அறிவிப்பு வந்தது. திரும்பி வந்து சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், 1907-ல் எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்வில் மறுபடியும் தோற்றார்.

அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளைத்தான் இங்கிருக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டும். தேர்வு இல்லை, பட்டம் இல்லை, வேலை இல்லை, வறுமை மட்டும் இருந்தது. அந்த ஆண்டுகளில்தான் உலகம் இன்றும் படித்துக்கொண்டிருக்கும் அந்த நோட்டுப் புத்தகங்கள் நிறைந்தன. காகிதம் வாங்கக் காசில்லாததால் சிலேட்டில் கணக்குப் போடுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி போடுவார். முடிவு கிடைத்ததும் அதை மட்டும் நோட்டில் ஏற்றிக்கொள்வார். எத்தனை முறை தப்பாகப் போட்டார் என்பதற்குச் சாட்சி கிடையாது. எல்லாம் முழங்கையோடு போயிற்று. கணக்கின் மீதிருந்த ஆசை ஒன்று, ஒரு மார்க் குறைந்ததால் வந்த அவமானம் இன்னொன்று. இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன. வேலை நடந்தது ஆசையால். அவமானம் அவரைக் கூரைக்கும் விசாகப்பட்டினத்துக்கும்தான் அனுப்பியது.

அவமானம் அவரை அதோடு விட்டுவிடவும் இல்லை. கேம்பிரிட்ஜ் போய், பேர் வாங்கிய பிறகும், உடல்நலம் கெட்டு, போர்க்காலத்தில் ஏற்ற சாப்பாடு கிடைக்காமல், தனிமையில் இருந்தபோது, 1917-ல் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ பதவிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. 1918-ன் தொடக்கத்தில் லண்டனில் உயிரை விட முயன்று காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டு மே மாதம் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது, அக்டோபரில் டிரினிட்டியும் ஏற்றுக்கொண்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்தவருக்கு நோயின் பெயர் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் “இவ்வளவு அறிவாளிப் பிள்ளைக்கு மனசுல என்ன கஷ்டம் வந்துடப்போவுது?” என்று கேட்பவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அறிவு இதற்குக் கவசம் ஆகாது.

நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். காந்தி மண்டபம் சாலையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், அதை அடுத்து அண்ணா பல்கலைக்கழகம், சர்தார் படேல் சாலைக்குத் திரும்பினால் ஐ.ஐ.டி. இந்தப் பகுதியில் வளரும் பிள்ளை ஸ்கூல் வேனின் ஜன்னல் வழியாகத் தினமும் பார்ப்பது இவற்றைத்தான். எல்.கே.ஜி. படிக்கும்போதே “நீ பெரியவளாகி இங்கதான் படிக்கப்போறே” என்று கையை நீட்டிக் காட்டியிருப்போம். ஆசையில் சொன்னதுதான். நூலகத்தின் தரைத்தளத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், கைடுகளும் தண்ணீர் பாட்டிலுமாக, காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அவர்கள் மேல் மிகுந்த மரியாதை உண்டு. உழைப்பு வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. அந்த உழைப்புக்குள் எவ்வளவு ஆசை, எவ்வளவு அச்சம் என்பதுதான் என் கேள்வி.

இந்தத் துறையில் ஆய்வு செய்தவர்கள் இதை நுட்பமாகவே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 1990-ல் ராண்டி ஃப்ராஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் குறையில்லாமல் செய்ய வேண்டும் என்ற மனப்போக்கை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். உயர்ந்த இலக்கு வைத்துக்கொள்வதை ஒரு பகுதியாகவும், தவறு நேர்ந்துவிடுமோ என்ற கவலையை இன்னொரு பகுதியாகவும் வைத்தார்கள். பெற்றோரின் எதிர்பார்ப்பு, பெற்றோரின் குறை கூறல் இரண்டுக்கும் தனித்தனியே இடம் கொடுத்தார்கள். மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் நெருங்கிய உறவு தவறு குறித்த கவலைக்குத்தான், உயர்ந்த இலக்குக்கு அவ்வளவாக இல்லை. அடுத்த ஆண்டு கனடாவில் ஹெவிட், ஃப்ளெட் என்ற இருவர் இன்னொரு பிரிவைக் காட்டினார்கள்: நான் குறையில்லாமல் இருந்தால்தான் மற்றவர்கள் என்னை ஏற்பார்கள் என்ற எண்ணம். 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளின் 41,000-க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்கள் அளித்த விடைகளை தாமஸ் கர்ரனும் ஆண்ட்ரூ ஹில்லும் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மிக அதிகமாக ஏறியிருந்தது அந்த எண்ணம்தான், 33 விழுக்காடு. நம் நாட்டில் என்.சி.இ.ஆர்.டி. 2022-ல் 3.79 லட்சம் பள்ளி மாணவர்களிடம் கேட்டது. அவர்களில் 81 விழுக்காட்டினர் தங்கள் பதற்றத்துக்குக் காரணமாகப் படிப்பையும் தேர்வையும் ரிசல்ட்டையும் சொன்னார்கள்.

அரசாங்கம் சில நல்ல காரியங்களைச் செய்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் மாநிலத்தில் முதலிடம் என்று, பெற்றோர் இனிப்பு ஊட்டும் படம் வரும். 2017-ல் ரேங்க் அறிவிப்பதைத் தமிழ்நாடு நிறுத்தியது. தோற்றவர்கள் ஓராண்டு வீட்டில் உட்கார்ந்திருக்காமல் உடனே துணைத்தேர்வு எழுத வழி இருக்கிறது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது நம் கோட்டூர்புரம் நூலக அரங்கில்தான். அதையடுத்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போயிற்று. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் படிக்கும் கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் இருக்க வேண்டும் என்று வழிகாட்டியது. பத்திரிகையில் ரேங்க் நின்றுவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நிற்கவில்லை. அங்கே ரேங்க் பட்டியலை நாமே நடத்திக்கொண்டிருக்கிறோம்.

வீட்டில் என்ன பேசுகிறோம் என்று பார்ப்போம். 98 வாங்கி வந்தால், “மீதி ரெண்டு எங்கே?” சிரித்துக்கொண்டேதான் கேட்கிறோம், விளையாட்டாகத்தான். இந்தப் பிள்ளைக்கு அது விளையாட்டாக விழுவதில்லை. அந்த இரண்டு மார்க்கை அவள் வழியெல்லாம் நினைத்துக்கொண்டேதான் வந்திருக்கிறாள். நாம் கேட்டதும் ஊர்ஜிதமாகிவிடுகிறது. அடுத்தது, “வேற யாருக்கு சென்டம்?” நூற்றுக்கு நூறுக்கு நம் ஊரில் தனிப் பெயரே வைத்திருக்கிறோம். சென்டம் வாங்குவது, சென்டம் போவது, சென்டம் மிஸ் ஆவது. 99 வாங்கிய பிள்ளையைப் பார்த்து “அடடா, சென்டம் மிஸ் ஆயிடுச்சே” என்று துக்கம் விசாரிக்கிறோம். எதுவுமே சொல்லாத அப்பாக்களும் உண்டு. அவர்கள் முகத்தில் ஒரு நொடி ஓடும் நிழலை இந்தப் பிள்ளைகள் படிக்கும் வேகத்தில் வேறு எதையும் படிப்பதில்லை.

பாராட்டும் பாரமாகலாம். “என் பொண்ணு என்னைக்குமே ஃபர்ஸ்ட்” என்று அவள் காதுபடச் சொல்வது பெருமைதான். அந்த ‘என்னைக்குமே’யை அவள் ஒரு நாள்கூட இறக்கிவைக்க முடியாது. 1998-ல் முல்லர், ட்வெக் என்ற இரு ஆய்வாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு புதிர் கொடுத்து, முடித்ததும் சிலரை “நீ கெட்டிக்காரி” என்றும் சிலரை “நல்லா முயற்சி பண்ணினே” என்றும் பாராட்டினார்கள். கெட்டிக்காரி என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்து எளிதான புதிரையே விரும்பினார்கள். கடினமான சுற்று ஒன்றில் தோற்ற பிறகு, தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம்.

இப்போது, என்ன செய்வது? முதலில், “மார்க்கெல்லாம் முக்கியமே இல்லைடா கண்ணா” என்று சொல்லாதீர்கள். அது பொய், அவளுக்கும் தெரியும். எஞ்சினியரிங் கட்-ஆஃப் 200-க்குக் கணக்குப் பார்க்கும் ஊர் இது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அதில் அரை மார்க் குறைந்தால் எத்தனை பேர் முன்னால் போய்விடுவார்கள் என்பது அவளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். மார்க் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று நேராகப் பேசுங்கள். இந்தக் கல்லூரியில் இந்தப் பாடம் கிடைக்குமா என்பதை அது தீர்மானிக்கும். ராத்திரி நாம் ஒன்றாக உட்கார்ந்து தோசை சாப்பிடுவோமா என்பதை அது தீர்மானிக்காது. இதை வாயால் சொன்னால் போதாது. குறைந்த மார்க் வந்த நாளில் தோசை வார்த்துத்தான் காட்ட வேண்டும்.

அடுத்தது, தேறுதல் சொல்வதைக் குறையுங்கள். இது பலருக்குக் கடினமாக இருக்கும். “அம்மா, நான் சரியா எழுதியிருப்பேன்ல?” என்று கேட்கிறாள். “நீ நல்லாத்தான் எழுதியிருப்பே” என்கிறோம். ஐந்து நிமிடம் நிம்மதி. மறுபடி கேட்கிறாள். சாப்பிடும்போது, தூங்கப் போகும்போது, நடு ராத்திரியில் கதவைத் தட்டி. நாம் சொல்லச் சொல்ல, நம் பதில் இல்லாமல் அந்தப் பயத்தோடு ஒரு மணி நேரம்கூட இருக்க முடியாது என்று அவளுக்கு ஆகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, “எப்படி எழுதியிருக்கேன்னு தெரியாம இருக்கிறது கஷ்டமா இருக்கில்ல? எனக்கும் தெரியலை. வா, பக்கத்துல உக்காரு” என்று சொல்லிப் பாருங்கள். பயம் தானாக ஏறி, தானாக இறங்கும். நாம் விரட்டாமலே இறங்குகிறது என்பதை அவள் சில முறை பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, தவறு செய்து பழகுவது. அந்த ரெக்கார்டு நோட்டுப் பெண்ணுக்குத் திரும்பி வருகிறேன். “ஒரே ஒரு பக்கத்தில், ஒரே ஒரு சொல்லை அடித்து எழுதிக் கொடுக்கலாமா?” என்று கேட்டபோது, ஏதோ திருடச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தாள். கொடுத்தால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதச் சொன்னேன். எழுதினாள்: மிஸ் கூப்பிட்டுக் கேட்பாங்க, எல்லார் முன்னாடியும் கேட்பாங்க, ‘உன்கிட்ட இதை எதிர்பார்க்கலை’ன்னு சொல்வாங்க, இன்டர்னல் மார்க் குறையும். ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டுக் கொடுத்தாள். நோட்டு திரும்பி வந்ததும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அந்தப் பக்கத்தில் மற்றப் பக்கங்களில் இருப்பதுபோலவே சிவப்பு மையில் ஒரு டிக், ஒரு கையெழுத்து, தேதி. அடித்த சொல்லுக்குக் கீழே ஒரு கோடுகூட இல்லை. “மிஸ் பார்க்கவே இல்லை போல” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “இல்லை, பார்த்திருப்பாங்க. அவங்களுக்கு அது ஒண்ணுமே இல்லை” என்றாள். இதை நான் மணிக்கணக்கில் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். தானே செய்து, தான் எழுதிவைத்த பயத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததால் நம்பினாள்.

வீட்டிலும் இப்படிச் சின்னதாகத் தொடங்கலாம். எழுத்துப்பிழையோடு ஒரு மெசேஜ் அனுப்புவது. ஹோம்வொர்க்கை இரண்டு முறை மட்டும் சரிபார்த்துவிட்டு, மூன்றாம் முறை பார்க்காமல் பைக்குள் வைப்பது. சுமாராக வரும் என்று தெரிந்த ஒன்றைச் சும்மா செய்வது. படம் வரையட்டும், பந்து ஆடட்டும், யாரும் மார்க் போடாத ஒன்று. முடிந்தால் உங்கள் பிள்ளைக்கு ஒரு சிலேட்டோ சின்ன வெள்ளைப் பலகையோ வாங்கிக் கொடுங்கள். முதல் முயற்சியெல்லாம் அதில் நடக்கட்டும். தப்பாகப் போட்டு அழிக்க ஓர் இடம் இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. அவர்களுடைய ரஃப் நோட்டுகூட ஃபேர் நோட்டு மாதிரி இருக்கிறது.

தூக்கத்தைப் பற்றி ஒரே வார்த்தை. பதின்வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்திக்கொள்வது தூக்கத்தில்தான். காலை ஆறேமுக்காலுக்கு வேன் வரும் வீட்டில் ராத்திரி ஒரு மணிக்கு எரியும் விளக்கைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். புத்தகம் மூடும் நேரம் என்று ஒன்றை வையுங்கள். பாடம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அந்த நேரத்தில் மூட வேண்டும். முடியாமல் மூடுவதே இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி.

பெற்றோரின் பயத்தைப் பற்றிப் பேசாமல் பிள்ளையின் பயத்தைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமில்லை. இங்கே இருக்கும் பலருடைய வீட்டில் முதல் பட்டதாரி நீங்களாகவோ உங்கள் அப்பாவாகவோ இருப்பீர்கள். ஒரு சீட்டு கிடைத்ததால் ஒரு குடும்பமே மேலே வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அதைப் பிள்ளையிடம் மார்க் கேள்வியாக மாற்றிக் கொடுக்காமல், பயமாகவே சொல்லுங்கள். “எனக்கு வேலை போன வருஷம் ரொம்ப பயந்தேன், அதான் உன் விஷயத்துல அவசரப்படறேன்” என்று ஒரு அப்பா சொன்னால், அந்தப் பெண்ணுக்குப் பல விஷயம் விளங்கிவிடும். நீங்கள் அரியர் வைத்த கதையை, இன்டர்வியூவில் உளறிய கதையை, அலுவலகத்தில் தப்பான ஃபைலை அனுப்பிய கதையைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லுங்கள். தோற்றும் நன்றாக வாழும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை இந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குள்ளேயே பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் போதாத நேரமும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி வந்துகொண்டிருந்தால், தலைமுடியைப் பிய்ப்பது, கையைக் கீறிக்கொள்வது போன்றவை தெரிந்தால், நண்பர்களை ஒதுக்கிவிட்டால், மருத்துவரிடம் போங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் பேச்சுச் சிகிச்சை இதற்கு நன்றாக வேலை செய்கிறது. சிலருக்கு மருந்தும் தேவைப்படும். “வெளியே தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணம் பண்ணும்போது…” என்று தள்ளிப்போடும் பெற்றோரிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பதினாறு வயதில் கேட்காமல் விட்ட உதவியைப் பிறகு கேட்பது இன்னும் கஷ்டம்.

“நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்” என்று பிள்ளை சொன்னால், கோபத்தில் சொன்னதாக இருந்தாலும், விட்டுவிடாதீர்கள். “செத்துப்போகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரியும்போது பாரம் குறையும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ஆற்றுக்கு அக்கரையில் ராஜா அண்ணாமலைபுரத்தில், மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சிநேகா இருக்கிறது, எண் 044-24640050. அரசின் டெலி-மனஸ் சேவை, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது, எண் 14416. இரவும் பகலும் பேசலாம், தமிழில் பேசலாம். பெற்றோரும் தங்களுக்காகப் பேசலாம். இந்த எண்களை இப்போதே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளையின் போனிலும் ஏற்றுங்கள்.

கடைசியாக ரிசல்ட் நாள். இதற்கு முன்னேற்பாடு தேவை. ரிசல்ட்டை யார் பார்ப்பது, அவளே பார்ப்பாளா, நீங்கள் பார்த்துச் சொல்வதா என்று முதல் நாளே அவளிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அவள் சாப்பிட்ட பிறகு பாருங்கள். பெரியப்பா, மாமா, அத்தை எல்லோரும் கூப்பிடுவார்கள், அந்த போன்களை நீங்கள் எடுங்கள். “அவ சாயங்காலம் பேசுவா, நாங்க நல்லா இருக்கோம்” என்று சொன்னால் போதும். மார்க்கை யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது அவள் முடிவு. குரூப்பில் போடுவதும் அவளைக் கேட்டபின்தான். நினைத்ததைவிடக் குறைந்திருந்தால் அன்றைக்கே ரீவேல்யூவேஷன் பற்றியும் அடுத்த கல்லூரி பற்றியும் பேசத் தொடங்காதீர்கள். விண்ணப்பிக்க நாள் இருக்கிறது. சாயங்காலம் அவளுக்கு இஷ்டமிருந்தால் மரப் பூங்காவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள், பேசாமல் நடந்தாலும் சரி.

இனிப்பு வாங்கும் பழக்கத்தையும் மாற்றலாம் என்று நினைக்கிறேன். ரிசல்ட் நாளுக்கு அதை வைக்காமல், கடைசித் தேர்வு முடிந்து வீட்டுக்கு வரும் அன்று வாங்கி வையுங்கள். பாட்டியையும் பக்கத்து வீட்டையும் கூப்பிடுங்கள். அன்றைக்கு மார்க் என்னவென்று அவளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்கத் தயக்கமாக இருந்தால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், பெயர் போட வேண்டாம்.